பள்ளிக்கூடத்து ஐ.நா. சபை

மண்டபம் நிறைய மாணவர்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு நாட்டின் பெயர் எழுதிய அட்டை. மேடையில் தலைவர். அவர் கையில் ஒரு மரச் சுத்தியல்.

பின்வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்திருக்கிறாள்.

"தலைவர் அவர்களே! நார்வே இந்தத் திருத்தத்தை எதிர்க்கிறது" என்கிறாள்.

அவள் நார்வே நாட்டுக்காரி அல்ல. அந்த நாட்டுக்கு அவள் போனதும் இல்லை. ஆனாலும், அந்த மண்டபத்தில் நார்வே அவள்தான். "நான் எதிர்க்கிறேன்" என்று அவள் சொல்லக் கூடாது. பல மாநாடுகளில் "நான்" என்ற சொல்லுக்கே இடம் கிடையாது!

இதற்குப் பெயர்தான் "மாதிரி ஐ.நா. சபை".

உலகத்தின் பல நாடுகளில் மாணவர்கள் இப்படிக் கூடுகிறார்கள். சென்னை, கோவை பள்ளிக்கூடங்களிலும் இது நடக்கிறது. இரண்டு மூன்று நாள் பேசுகிறார்கள். மல்லுக்கு நிற்கிறார்கள். பிறகு சமாதானம் ஆகிறார்கள். கடைசியில் ஒரு தீர்மானம் எழுதி, அதை ஓட்டுக்கு விடுகிறார்கள்.

அந்தத் தீர்மானத்தால் எந்தப் போரும் நிற்காது. பசித்தவனுக்கு ஒரு பிடி அரிசி போய்ச் சேராது. அப்படி என்றால் எதற்காக இந்தப் பாடு?

அதைத் தெரிந்து கொள்ள வேண்டுமானால், தீர்மானம் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தாயை விட மூத்த பிள்ளை

ஐ.நா. சபை 1945-ம் ஆண்டில் தோன்றியது. மாணவர்களின் மாதிரிச் சபையோ அதைவிட மூத்தது!

முதல் உலகப் போர் முடிந்ததும் "சர்வதேச சங்கம்" என்று ஒன்றை நாடுகள் ஏற்படுத்தின. அதைப் பார்த்து, 1920-களிலேயே அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் மாதிரிக் கூட்டம் நடத்தினார்கள். சர்வதேச சங்கம் போய் ஐ.நா. வந்தது. மாணவர்களும் பெயரை மாற்றிக் கொண்டார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்து மாணவர்கள் 1955-ல் ஒரு மாநாடு தொடங்கினார்கள். ஹாலந்து நாட்டின் ஹேக் நகரத்தில் பள்ளி மாணவர்களுக்கென்று 1968-ல் ஒரு மாநாடு தொடங்கியது.

மாநாட்டுக்குச் சில வாரங்களுக்கு முன்பே, யாருக்கு எந்த நாடு என்று ஒதுக்கிவிடுவார்கள். உலகத்தில் ஐ.நா. உறுப்பு நாடுகள் 193. ஆனால் எல்லா மாணவர்களும் ஆசைப்படுவது நாலைந்து நாடுகளுக்குத்தான். அமெரிக்கா கிடைத்தவன் துள்ளிக் குதிப்பான். ரஷியா கிடைத்தவனுக்கும் மகிழ்ச்சிதான். கயானா கிடைத்த பெண்ணும், மால்டா கிடைத்த பையனும் முகம் வாடிப் போவார்கள். "அது எங்கே இருக்கிறது?" என்று பூகோளப் படத்தைத் தேடுவார்கள்.

நாடு கிடைத்ததும் படிப்பு தொடங்கும். அந்த நாட்டின் அண்டை வீட்டார் யார்? அதற்கு எண்ணெய் எங்கிருந்து வருகிறது? யாரிடம் கடன் பட்டிருக்கிறது? இதெல்லாம் தெரியாமல் அந்த நாட்டுக்காகப் பேச முடியாது. தன் மனத்துக்குப் பிடிக்காத கொள்கையாக இருந்தாலும், அதை எடுத்துச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இது சின்ன விஷயம் அல்ல. எதிரி ஏன் அப்படிப் பேசுகிறான் என்பதை, அவன் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு வேறு எந்தப் பாடத்தில் கிடைக்கிறது?

ஒரே வாக்கியம்!

ஐ.நா. தீர்மானம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கம், மூன்று பக்கம் நீளும். ஆனால், முழுவதும் தேடினாலும் முற்றுப்புள்ளி ஒன்றுதான் இருக்கும். அது கடைசியில் இருக்கும்.

ஆம். முழுத் தீர்மானமும் ஒரே வாக்கியம்!

யார் பேசுகிறார்கள் என்பது முதலில் வரும். "பொதுச்சபை" என்றோ, "பாதுகாப்பு சபை" என்றோ தொடங்கும். பிறகு காரணங்கள் வரிசையாக வரும். "முன்பு போட்ட தீர்மானத்தை நினைவில் கொண்டு", "குழந்தைகள் படும் துன்பத்தைக் கண்டு கவலை கொண்டு" என்று ஒவ்வொன்றும் காற்புள்ளியோடு நிற்கும்.

காரணம் சொல்லி முடிந்ததும், செய்ய வேண்டிய வேலை வரும். அதற்கு 1, 2, 3 என்று எண் போடுவார்கள். ஒவ்வொன்றும் அரைப்புள்ளியோடு நிற்கும். கடைசி எண்ணுக்குத்தான் முற்றுப்புள்ளி.

மாணவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். ஆனால் காற்புள்ளியை ஒரு மணி நேரத்தில் கற்றுக் கொள்ளலாம். வினைச்சொல்லைக் கற்றுக் கொள்ளத்தான் நாள் ஆகும்.

கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கிறார். "கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள்" என்கிறார். இன்னொரு நாள் வந்து, "நாளைக்குள் பணத்தை வைத்தாக வேண்டும்" என்கிறார். இரண்டும் ஒன்றா? இரண்டாவது பேச்சைக் கேட்டதும் வீட்டில் அடுப்பு எரியாது!

தீர்மானத்திலும் அப்படித்தான். "கேட்டுக் கொள்கிறது" என்பது ஒரு எடை. "வற்புறுத்துகிறது" என்பது அதைவிடக் கனம். "கண்டிப்பாகக் கோருகிறது" என்பது இன்னும் கனம். "முடிவு செய்கிறது" என்று பாதுகாப்பு சபை சொல்லிவிட்டால், அது கட்டளை. எந்தச் சொல்லை எங்கே போடுவது என்பதில்தான் நாடுகள் இரவெல்லாம் கண் விழிக்கின்றன.

இரண்டு சொல், இரண்டு போர்

1990-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி ஈராக் நாட்டுப் படைகள் குவைத்துக்குள் புகுந்தன. நவம்பர் 29-ந் தேதி பாதுகாப்பு சபை ஒரு தீர்மானம் போட்டது. அதன் எண் 678. 1991 ஜனவரி 15-ந் தேதிக்குள் ஈராக் வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் குவைத்துக்கு உதவும் நாடுகள் "தேவையான எல்லா வழிகளையும்" கையாளலாம் என்று அது சொன்னது.

"போர்" என்ற சொல் அதில் இல்லை. ஆனால் "தேவையான எல்லா வழிகளும்" என்றால் குண்டும் பீரங்கியும் சேர்த்துத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். 12 நாடுகள் ஆதரித்தன. கியூபாவும் ஏமனும் எதிர்த்தன. சீனா நடுநிலை வகித்தது. கெடு முடிந்ததும் போர் தொடங்கியது.

பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. மறுபடியும் ஈராக். மறுபடியும் பாதுகாப்பு சபை. 2002 நவம்பர் 8-ந் தேதி 1441-வது தீர்மானம் வந்தது. இந்தத் தடவை 15-க்கு 15 ஓட்டு! அரபு நாடான சிரியா கூட ஆதரித்தது.

எப்படி முடிந்தது? சொல்லை மாற்றினார்கள். "தேவையான எல்லா வழிகளும்" என்பது போய், "கடுமையான விளைவுகள்" என்று வந்தது. அந்தச் சொல்லில் அவரவர் தமக்கு வேண்டிய பொருளைப் பார்த்துக் கொண்டார்கள். அதனால் 15 கைகளும் உயர்ந்தன.

2003 மார்ச்சில் அமெரிக்காவும் இங்கிலாந்தும் ஈராக்கின் மீது படை எடுத்தன. "தீர்மானமே அனுமதி தருகிறது" என்றது இங்கிலாந்து. "இல்லவே இல்லை" என்றது பிரான்சு. அந்தப் போர் ஐ.நா. சாசனப்படி சட்ட விரோதமானது என்று, அப்போது ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோபி அன்னான் 2004-ல் சொன்னார். எல்லோரும் ஒத்துக் கொண்ட சொல்தான் கடைசியில் எல்லோரையும் பிரித்தது.

மாதிரி மாநாட்டில் ஒரு மாணவன் அவசரத்தில் வழவழ என்று ஒரு சொல்லைப் போட்டு ஓட்டு வாங்கினால், "கெட்டிக்காரன்" என்று தட்டிக் கொடுக்கிறார்கள். இந்தக் கதையையும் கூடவே சொல்லிக் கொடுத்தால் நல்லது.

தாழ்வாரத்தில் நடக்கும் பேரம்

சபையில் எழுந்து பேசுவது பாதி வேலை கூட இல்லை. மீதி வேலை தாழ்வாரத்தில் நடக்கிறது.

ஹேக் மாநாட்டில் மாணவர்கள் வீட்டிலேயே வரைவு எழுதிக் கொண்டு வருவார்கள். வந்ததும் ஆளைத் தேடுவார்கள். "உன் வரைவில் என்ன இருக்கிறது? என்னுடையதோடு சேர்த்துவிடலாமா?" என்று பேச்சு நடக்கும். நாலு வரைவுகள் உடைந்து ஒன்றாகும். அமெரிக்க மாநாடுகளில் வழக்கம் வேறு. அங்கே எழுதிக் கொண்டு வரக் கூடாது. எல்லாவற்றையும் மண்டபத்தில்தான் எழுத வேண்டும்.

வரைவில் கையெழுத்து வாங்குவது பெரிய வேலை. கையெழுத்துப் போட்டால் ஆதரவு என்று பொருள் அல்ல. "இதைப் பேசலாம்" என்று மட்டும்தான் பொருள். இது புரியாமல் புதுப் பிள்ளைகள் பயப்படுவார்கள்.

பிறகு திருத்தம். வரைவு எழுதியவர்கள் ஒத்துக் கொண்டால், ஓட்டே இல்லாமல் சேர்ந்துவிடும். ஒத்துக் கொள்ளாவிட்டால் ஓட்டுக்குப் போகும்.

திருத்தம் என்றால் பத்தி பத்தியாக மாற்ற வேண்டும் என்பது இல்லை. ஒரே ஒரு சொல் போதும். அதற்குச் சாட்சி நம் நாட்டு அம்மையார் ஒருவர்.

அன்சா மேத்தா குஜராத்தைச் சேர்ந்தவர். சுதந்திரப் போரில் சிறை சென்றவர். இந்திய அரசியல் சட்டத்தை உருவாக்கிய சபையிலும் இருந்தவர். ஐ.நா.வின் மனித உரிமைக் குழுவில் இந்தியாவின் பிரதிநிதியாக அவர் உட்கார்ந்தார். உலக மனித உரிமைப் பிரகடனத்தை அந்தக் குழு எழுதிக் கொண்டிருந்தது. முதல் பிரிவின் வரைவு ஆங்கிலத்தில் "எல்லா ஆண்களும்" என்று பொருள்படும்படி தொடங்கியது. மனிதர் எல்லோரையும் அந்தச் சொல்லாலேயே குறிப்பது அந்தக் கால ஆங்கில வழக்கம். "எல்லோருக்கும்தானே அது?" என்று கேட்டவர்களும் உண்டு.

அன்சா மேத்தா விடவில்லை. ஆண்கள் என்று எழுதினால், பெண்களுக்கு உரிமை கிடையாது என்று நாளைக்குச் சொல்ல ஆள் வரும் என்றார். சொல் மாறியது. "மனிதப் பிறவிகள் எல்லோரும்" என்று ஆனது.

1948 டிசம்பர் 10-ந் தேதி பாரீஸ் நகரில் பொதுச்சபை அதை நிறைவேற்றியது. ஆதரவு 48. எதிர்ப்பு ஒன்று கூட இல்லை. நடுநிலை 8.

88 பெரிதா, 55 பெரிதா?

இனி ஓட்டு. பெயர் அட்டையைத் தூக்குவார்கள். "ஆதரவு", "எதிர்ப்பு", "நடுநிலை" என்று மூன்று வழி உண்டு.

நடுநிலை என்றால் ஒதுங்கி நிற்பது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கில் அது விளையாடும். பொதுச்சபையில் முக்கியமான விஷயத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். ஆதரவு ஓட்டையும் எதிர்ப்பு ஓட்டையும் மட்டும் கூட்டித்தான் அந்தக் கணக்குப் பார்ப்பார்கள். நடுநிலை கணக்கில் சேராது.

2023 அக்டோபர் 27-ந் தேதி காசா போர் பற்றிப் பொதுச்சபை கூடியது. ஜோர்டான் நாடு ஒரு தீர்மானம் கொண்டு வந்தது. அக்டோபர் 7-ந் தேதி ஹமாஸ் நடத்திய தாக்குதலைப் பெயர் சொல்லிக் கண்டிக்க வேண்டும் என்று கனடா ஒரு திருத்தம் கொண்டு வந்தது. திருத்தத்துக்கு ஆதரவு 88. எதிர்ப்பு 55. நடுநிலை 23.

88 பெரிதா, 55 பெரிதா? சந்தேகம் என்ன, 88-தான். ஆனாலும் திருத்தம் தோற்றது! 88-ம் 55-ம் சேர்ந்தால் 143. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு 96 வேண்டும். எட்டு ஓட்டுக் குறைந்தது.

பிறகு ஜோர்டானின் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 120, எதிர்ப்பு 14, நடுநிலை 45 என்று அன்று அறிவித்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. இந்தியா கனடாவின் திருத்தத்தை ஆதரித்தது. தீர்மானத்தில் நடுநிலை வகித்தது.

மாதிரி சபையில் இடிக்கும் இடம்

மாதிரி மாநாட்டில் ஒரு பெரிய குறை உண்டு. எப்போதடா ஓட்டு வரும் என்று பிள்ளைகள் துடிக்கிறார்கள். நம் வரைவு ஜெயிக்க வேண்டும், எதிரி வரைவு தோற்க வேண்டும், "சிறந்த பிரதிநிதி" பரிசு நமக்கு வர வேண்டும்! மூன்று நாளுக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும்.

உண்மையான பொதுச்சபையில் நடப்பது வேறு. அங்கே வரும் தீர்மானங்களில் பெரும்பாலானவை பல ஆண்டுகளாக ஓட்டெடுப்பே இல்லாமல் நிறைவேறி வந்தன. ஏன்? எல்லோரும் ஒத்துக் கொள்ளும் வரைக்கும் சொற்களை மாற்றிக் கொண்டே இருப்பார்கள். எதிர்த்தவன் தோற்றுப் போய் வீட்டுக்குப் போனால், அந்தத் தீர்மானத்தை அவன் நடத்திக் கொடுப்பானா? மாட்டான் அல்லவா?

இதைச் சொல்லித்தர ஐ.நா. சபையே முன்வந்தது. 2009-ல் ஜெனீவாவிலும், 2010-ல் கோலாலம்பூரிலும், 2011-ல் தென்கொரியாவின் இஞ்சியோனிலும் ஐ.நா.வே மாணவர் மாநாடு நடத்தியது. "ஓட்டுக்கு ஓடாதீர்கள், ஒத்துப் போகப் பாருங்கள்" என்பதுதான் அதன் பாடம். இருந்தாலும் பரிசுக் கோப்பையின் மோகம் எங்கும் குறையவில்லை.

பெரியவர்களிடமும் பழைய பொறுமை குறைந்து வருகிறது. 2025 மார்ச்சில் "நம்பிக்கை தினம்" ஒன்றைக் கொண்டாடலாம் என்று பொதுச்சபைக்குத் தீர்மானம் வந்தது. அதற்கும் ஓட்டெடுப்பு! அமெரிக்கா எதிர்த்து ஓட்டுப் போட்டது.

இன்னொரு குறையும் உண்டு. நம் ஊரில் இது பெரும்பாலும் ஆங்கிலப் பள்ளிகளின் விளையாட்டாக இருக்கிறது. கட்டணம் கட்ட வேண்டும். கோட்டு தைக்க வேண்டும். தமிழில் இதை நடத்தினால் என்ன? காற்புள்ளியும் அரைப்புள்ளியும் தமிழிலும்தான் இருக்கின்றன!

வெள்ளிக்கிழமையும் திங்கட்கிழமையும்

2024 மார்ச் மாதம். காசாவில் போர் ஆறாவது மாதமாக நடந்து கொண்டிருந்தது. ரம்ஜான் நோன்பு தொடங்கி இரண்டு வாரம் ஆகப் போகிறது. போரை நிறுத்தச் சொல்லும் தீர்மானங்கள் அதற்கு முன் பாதுகாப்பு சபைக்கு வந்தபோது, அமெரிக்கா தன் ரத்து அதிகாரத்தால் தடுத்திருந்தது.

மார்ச் 22, வெள்ளிக்கிழமை. இந்தத் தடவை அமெரிக்காவே ஒரு வரைவு கொண்டு வந்தது. அதில் போர் நிறுத்தம் உண்டு. ஆனால் வினைச்சொல் என்ன? "போர் நிறுத்தம் மிக அவசியம் என்று சபை கருதுகிறது" என்ற தோரணையில் இருந்தது. "கருதினால் போதுமா? நிறுத்து என்று சொல்ல வேண்டாமா?" என்று மற்றவர்கள் கேட்டார்கள். ரஷியா, சீனா, அல்ஜீரியா எதிர்த்தன. கயானா நடுநிலை வகித்தது. 11 நாடுகள் ஆதரித்தும் வரைவு விழுந்தது. ரஷியாவுக்கும் சீனாவுக்கும் ரத்து அதிகாரம் உண்டே!

மார்ச் 25, திங்கட்கிழமை. வேறு ஒரு வரைவு வந்தது. இதில் "கண்டிப்பாகக் கோருகிறது" என்று இருந்தது. ரம்ஜான் மாதத்துக்கு உடனே போர் நிறுத்தம் வேண்டும், பிணையாகப் பிடித்த எல்லோரையும் நிபந்தனை இல்லாமல் விட வேண்டும் என்று இரண்டு கோரிக்கைகளும் இருந்தன.

கடைசி நேரத்தில் ஒரு சொல் மாறியது. ரம்ஜானுக்குப் பிறகு "நிரந்தர" போர் நிறுத்தம் என்று இருந்தது. அமெரிக்கா அதை விரும்பவில்லை. "நீடித்த" போர் நிறுத்தம் என்று மாற்றினார்கள். ரஷியப் பிரதிநிதி சபையிலேயே எழுந்து, "நிரந்தர என்பதைத் திரும்பப் போடுங்கள்" என்று திருத்தம் கொண்டு வந்தார். ஆதரவு 3, எதிர்ப்பு 1, நடுநிலை 11. திருத்தம் தோற்றது.

பிறகு முழு வரைவும் ஓட்டுக்கு வந்தது. 14 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்கா நடுநிலை வகித்தது. ஒரு எதிர்ப்பும் இல்லை. 2728-வது தீர்மானம் நிறைவேறியது. மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது.

கைதட்டல் அடங்குவதற்குள் அடுத்த சண்டை வந்துவிட்டது. "இந்தத் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது" என்றது அமெரிக்கா. பாதுகாப்பு சபையின் முடிவுகளை உறுப்பு நாடுகள் ஏற்று நடத்த வேண்டும் என்பது ஐ.நா. சாசனத்தின் 25-வது பிரிவு. "அப்படி இருக்கக் கட்டுப்படுத்தாது என்பது எப்படி?" என்று மற்றவர்கள் கேட்டார்கள். "கோருகிறது" என்று எழுதினால் அது முடிவு ஆகுமா, ஆகாதா என்று வழக்கறிஞர்கள் வாதாடினார்கள்.

ஏப்ரல் 9-ந் தேதி ரம்ஜான் நோன்பு முடிந்தது. போர் முடியவில்லை. 2025 ஜனவரி 19-ந் தேதி ஒரு போர் நிறுத்தம் வந்தது. மார்ச் 18-ந் தேதி அது முறிந்தது. அக்டோபர் 10-ந் தேதி மறுபடி ஒன்று வந்தது.

பெரிய நாடுகள் மாற்றி மாற்றி ஒன்றை ஒன்று தடுத்துக் கொண்டிருந்தபோது, அந்தத் திங்கட்கிழமை வரைவை எழுதியவர்கள் யார்?

பாதுகாப்பு சபையில் ரத்து அதிகாரம் இல்லாத பத்து நாடுகள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்பட்டு வந்து போகிறவை. அல்ஜீரியா, ஈக்வடார், ஜப்பான், மொசாம்பிக், தென்கொரியா, சியரா லியோன், சுலோவேனியா, சுவிட்சர்லாந்து ஆகியவை எட்டு. மீதி இரண்டும், மாதிரி சபையில் யார் தலையிலாவது விழுந்தால் முகம் வாடுகிறார்களே, அந்தக் கயானாவும் மால்டாவும்தான்.

பத்து நாடுகளின் சார்பில் எழுந்து வரைவைச் சபையின் முன் வைத்தவர் மொசாம்பிக் நாட்டுப் பிரதிநிதி.